கரையோர ஊரில் பிள்ளை வளர்ப்பது: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. கணவர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளும் மூன்று வயது மகனும் இருக்கிறார்கள். 2024 நவம்பர் மழையில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. அதன் பிறகு மகள் பள்ளியில் தனுஷ்கோடி அழிந்ததைப் பற்றி ஒரு வீடியோ பார்த்திருக்கிறாள். புவி வெப்பமடைந்து கடல் உயர்கிறது என்ற பாடமும் நடந்திருக்கிறது. இப்போது இரவில் இடி இடித்தால் எழுந்து, தன் பள்ளிப்பை, ஆதார் அட்டை, தம்பியின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் பாலிதீன் பையில் சுற்றிக் கட்டிப் பரணில் வைத்துவிட்டுத்தான் படுக்கிறாள். “நம்ம ஊரும் தனுஷ்கோடி மாதிரி போயிருமாம்மா?” என்று கேட்கிறாள். கடற்பாசி எடுத்தே குடும்பத்தைக் காப்பாற்றிய என் மாமியார், கடல் நம்மைக் கைவிடாது என்கிறார். நானோ போனில் செய்திகளைப் படித்தபடி தூங்காமல் கிடக்கிறேன். இரண்டாவது பிள்ளையைப் பெற்றதே தவறோ என்றுகூடத் தோன்றுகிறது. மதுரையில் அக்கா வீட்டுப் பக்கம் குடிபோய்விடலாம் என்று சொன்னால் கணவருக்குக் கோபம் வருகிறது. பிள்ளையிடம் உண்மையைச் சொல்வதா, மறைப்பதா? இப்படிப் பயப்படுவது எனக்கு மட்டும் உள்ள கோளாறா?

ஒரு தாய்,
மண்டபம் வட்டாரம்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இது உங்களுக்கு மட்டும் உள்ள கோளாறு அல்ல. 2021இல் இந்தியா உட்படப் பத்து நாடுகளில் 16 முதல் 25 வயது வரையிலான 10,000 பேரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், பத்தில் ஆறு பேர் காலநிலை மாற்றத்தை எண்ணி மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள்; பத்தில் நான்கு பேர் பிள்ளை பெற்றுக்கொள்ளவே தயங்குவதாகச் சொன்னார்கள். வீட்டுக்குள் வெள்ளம் வந்ததைக் கண்ணால் பார்த்த ஒரு தாய் கவலைப்படாமல் இருந்தால்தான் நான் வியந்திருப்பேன்.

பிள்ளை பெற்றது தவறோ என்ற எண்ணத்தை மட்டும் நீங்கள் இன்றோடு விட்டுவிட வேண்டும் என்று உரிமையோடு சொல்கிறேன். ஓர் இந்தியர் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன் கரியமில வாயுவுக்குப் பொறுப்பாகிறார். ஓர் அமெரிக்கர் 14 டன்னுக்குப் பொறுப்பாகிறார். அந்த 2 டன்னிலும் நகரத்து வசதியானவர்களின் பங்கே பெரிது. நாட்டுப்படகின் டீசலையும் சமையல் எரிவாயுவையும் தவிரப் பெரிதாக எதையும் எரிக்காத ஒரு வீட்டில் பிறந்த மூன்று வயதுக் குழந்தை இந்த உலகத்துக்குப் பாரம் அல்ல. நூற்றைம்பது ஆண்டுகளாக நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துச் செழித்த நாடுகளும் நிறுவனங்களும் சுமக்க வேண்டிய குற்ற உணர்வை ராமநாதபுரம் கடற்கரைத் தாய் ஒருத்தி சுமப்பது அநியாயம்.

இனி உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். அவள் மனத்தில் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன என்று நினைக்கிறேன். பெரியவர்கள் பலருக்கும் அப்படித்தான் கலந்திருக்கின்றன. கடல் மட்டம் உயர்வது ஒன்று, புயலில் கடல் ஏறுவது மற்றொன்று. உலகக் கடல் மட்டம் 1901 முதல் 2018 வரை சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. இப்போது அந்த வேகம் கூடி, ஆண்டுக்கு 4 மில்லிமீட்டரை ஒட்டி உயர்ந்துகொண்டிருக்கிறது. இது அலட்சியப்படுத்தக்கூடிய அளவு அல்ல என்றாலும், உறங்கும் ஊரை ஓர் இரவில் விழுங்கும் வேகமும் அல்ல. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியை அழித்தது கடும் புயலும், அந்தப் புயல் தள்ளிக்கொண்டு வந்த நீரும்தான். ஆழம் குறைந்த கடலில் காற்று நீரைத் தள்ளும்போது அது கீழே போக இடமில்லாமல் கரை மேல் ஏறிவிடுகிறது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில், நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அந்த நீரில் போனது. கடல் மட்டம் உயர உயர, இனி வரும் புயல்களின் நீர் இன்னும் சற்று மேலே நின்று புறப்படும். இரண்டுக்கும் உள்ள தொடர்பு இதுதான். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியும். புரிந்தால் ஒவ்வோர் இடிக்கும் எழுந்து உட்கார வேண்டிய தேவை அவளுக்குக் குறையும்.

அந்த வீடியோவில் வராத ஒன்றையும் அவளுக்குச் சொல்லுங்கள். அந்த ரயில் புறப்பட்டபோது, என்ன வருகிறது என்பதை அதை ஓட்டியவர்களுக்கு உரிய நேரத்தில் சொல்ல யாராலும் முடியவில்லை. வங்கக் கடலின் வடக்கே 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் அதே கரையை பைலின் புயல் மிகக் கடுமையாகத் தாக்கியபோது இறந்தவர்கள் 50 பேருக்கும் குறைவு. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் கடல் சாதுவாகிவிடவில்லை. செயற்கைக்கோளும் முன்னறிவிப்பும் மேம்பட்டன. கரையெங்கும் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டன. எச்சரிக்கை வந்ததும் ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் வீட்டைப் பூட்டிவிட்டு மேட்டுக்குப் போனார்கள். நம் பக்கமும் 2020 டிசம்பரில் புரெவி புயல் பாம்பனை நெருங்கியபோது, பல நாட்களுக்கு முன்பே கடலுக்குப் போகத் தடை விதித்து, தாழ்வான இடங்களில் இருந்தவர்களை அப்புறப்படுத்தினார்கள். ஒரு புயலில் எத்தனை பேர் சாவார்கள் என்பதைக் காற்று மட்டும் முடிவு செய்வதில்லை. அதில் பெரும்பகுதி மனிதர் கையில் இருக்கிறது. உங்களுக்கும் உங்கள் மகளுக்கும் நான் சொல்ல விரும்புவது முதன்மையாக இதைத்தான்.

ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவளிடம் பொய் சொல்லாதீர்கள். தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் உலகம் ஒரு டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடேறிவிட்டது. 2010இலும் 2016இலும் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானதால் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் வெளிறின. பவள உயிரியின் உடலுக்குள் குடியிருந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசியை அது வெப்பம் தாளாமல் வெளியே துப்பிவிடுகிறது. நிறம் போய் எலும்பு நிறமாக நிற்கும் அந்தப் பவளம், சூடு சில வாரங்களில் தணியாவிட்டால் பட்டினியால் சாகிறது. உங்கள் கணவர் ‘பார்’ என்று சொல்லும் கடலடிப் பாறை இடங்களில் மீன் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதை அவரிடமே கேட்டு மகள் தெரிந்துகொள்ளட்டும். அவள் வீடியோவில் பார்த்ததைவிட, எந்தப் பாரில் எந்த மீன் பட்டது, எந்தக் காற்றுக்கு வலையை எங்கே இறக்கினார்கள் என்று அப்பா சொல்வதில் கூடுதல் உண்மை இருக்கிறது. அதில் பயம் மட்டும் இருக்காது.

இந்தப் பார்களின் கதையில் வெப்பத்துக்கு முன்பே நம் கை பட்டிருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. கடல் உயர்ந்ததால் மூழ்கின என்று பலரும் எழுதுகிறார்கள். ஆய்வாளர்கள் முதன்மைக் காரணமாகச் சொல்வது, பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் அவற்றைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததைத்தான். அலையின் வேகத்தைத் தடுத்து நின்ற பாறை போனதும் மணல் கரைந்துவிட்டது. தூத்துக்குடிக்கு அருகில் வான் தீவும் அதே வழியில் தேய்ந்துகொண்டிருந்தது. 2015க்குப் பிறகு கடலோரமாகச் செயற்கைப் பாறைகளை இறக்கியபின் அந்தத் தேய்மானம் தடுக்கப்பட்டு மணல் மீண்டும் சேரத் தொடங்கியது. உலகத்தின் வெப்பத்தை நீங்களும் நானும் குறைத்துவிட முடியாது. அந்த வெப்பம் நம் கரையில் எவ்வளவு சேதம் செய்யும் என்பதை, நம் கரை எந்த நிலையில் இருக்கிறது என்பது பெரிதும் தீர்மானிக்கிறது.

உங்கள் மாமியாரைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ உங்கள் கடிதத்தில் மிக முக்கியமானவராக அவரே தெரிகிறார். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் தகடு கட்டி, கண்ணாடி மாட்டி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் பறித்த தலைமுறை அவர்களுடையது. பாசி குறைவதைக் கண்டு, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே எடுப்பது, பாறையைப் பெயர்க்கும் இரும்புச் சுரண்டியை விட்டுவிட்டுக் கையால் பறிப்பது, பாசி வளரும் பருவத்தில் கடலுக்கே போகாமல் இருப்பது என்று அந்தப் பெண்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுத்தார்கள். யாரும் வந்து அவர்களுக்குக் காலநிலைப் பாடம் நடத்தவில்லை. அந்தப் பெண்களின் கூட்டமைப்பை முன்னின்று நடத்திய, பாம்பனை அடுத்த சின்னப்பாலத்துப் பெண் ஒருவருக்கு 2015இல் அதற்காக ஒரு பன்னாட்டு விருது கிடைத்தது. கடல் கைவிடாது என்று உங்கள் மாமியார் சொல்வதை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். கடலைக் கைவிடாமல் பார்த்துக்கொண்ட ஒருவர் அதைச் சொல்கிறார். உங்கள் மகளுக்கு நீச்சல் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாவிட்டால், கடல் அமைதியாக இருக்கும் பருவத்தில் பாட்டியே கற்றுக்கொடுக்கட்டும். பெண் பிள்ளை, கறுத்துவிடுவாள், படிப்புக் கெட்டுவிடும் என்று நம் ஊர்களில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கடலோரத்தில் வாழும் பிள்ளைக்கு நீச்சல் தெரியாமல் இருப்பது எனக்குப் பெரும் கவலையாக இருக்கிறது.

மதுரைக்குக் குடிபெயர்வது பற்றி. பிள்ளைகளின் படிப்புக்காகவோ வருமானத்துக்காகவோ போவதென்றால் அது குடும்பம் கூடி எடுக்க வேண்டிய முடிவு. நான் தலையிட மாட்டேன். உங்கள் வீடு அலை தொடும் மணலிலேயே இருந்தால், ஊருக்குள் மேடான இடத்துக்கு மாறுவதில் தயங்கவும் வேண்டாம். காலநிலைக்குப் பயந்து மதுரைக்குப் போவதுதான் எனக்கு உடன்பாடில்லை. சித்திரை, வைகாசியில் கான்கிரீட் கூரைக்குக் கீழே மதுரை எப்படி இருக்கும் என்பது உங்கள் அக்காவுக்குத் தெரியும். 2015இல் சென்னையும் 2018இல் கேரளமும் எப்படி மூழ்கின என்று நாம் எல்லோரும் பார்த்தோம். ஒதுங்கிக்கொள்ள வெளியே ஓர் இடம் கிடையாது. மேலும், ஊரை அறிந்தவர்கள் ஒவ்வொருவராகப் புறப்பட்டுவிட்டால், மணல்மேட்டை வெட்ட லாரி வரும்போது கேட்பதற்கு ஆள் இருக்காது. உங்கள் கணவரின் கோபத்துக்குப் பின்னால் இந்த அச்சம் இருக்கலாம். அவரிடம் ஒருமுறை பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள்.

மணல்மேடு என்றேன், அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கரைக்கு வரப்போகும் ஆபத்துகளில் குடிநீர் உப்பாவதே மிகவும் மௌனமானது. தனுஷ்கோடியில் இன்றும் மணலைக் கையால் தோண்டினால் கடலுக்குச் சில அடிகள் தள்ளி நல்ல தண்ணீர் ஊறுகிறது. பெய்த மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள கனமான உப்பு நீரின் மேல் மிதந்து நிற்பதால்தான் அந்த ஊற்று இருக்கிறது. மேட்டை வெட்டினாலும், ஆழ்குழாய் போட்டு அளவுக்கு மீறி உறிஞ்சினாலும், அடியிலுள்ள உப்பு மேலேறிவிடும். கடல் உயர்வது அதை இன்னும் விரைவுபடுத்தும். அந்த மேட்டைப் பிடித்து வைத்திருப்பவை அடப்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் தாழம்புதரும் பனையும். நம் மாவட்டத்துப் பனைகள் எத்தனை செங்கல் சூளைகளுக்குப் போயின என்பது உங்களுக்கே தெரியும். ஆட்சியர் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பை ஊரில் எத்தனை பேர் அறிந்திருக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

இரவில் போனில் படிப்பதை நிறுத்தச் சொல்லி நான் அறிவுரை கூறப்போவதில்லை. படித்து முடித்தபின் செய்வதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும். அது இல்லாதபோதுதான் படித்தது தூக்கத்தைக் கெடுக்கிறது. ஆகவே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நவம்பர் 1 அன்று உங்கள் ஊராட்சியில் கிராம சபை கூடும். வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில் வரும் நாள் அது. அங்கே நீங்கள் எழுந்து நின்று, புயல் பாதுகாப்பு மையம் எங்கே இருக்கிறது, அதன் சாவி இரவில் யாரிடம் இருக்கும், அங்கே குடிநீரும் பெண்களுக்குக் கழிப்பறையும் உண்டா, 2024இல் தண்ணீர் வடியாமல் நின்ற வடிகால் தூர்வாரப்பட்டதா என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் பாசி எடுக்கும் பெண்களையும் மகளிர் குழுவினரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மாமியார் சொன்னால் வருவார்கள். மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வீட்டிலிருந்து அந்த மையத்துக்கு நடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை அவளே ஒருநாள் பகலில் தம்பியோடு நடந்து பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஊராட்சியில் என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் பெயர் இல்லாமலே இங்கே வெளியிடுகிறேன். மற்றக் கரையோர ஊர்களில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு அது பயன்படும்.

அன்புடன்.