கண்மாய், அதாவது ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்பவருக்கு என்ன வேலை?

எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு தண்ணீர் என்று பார்த்து விடுபவர் நீர்க்கட்டி. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். மடையைத் திறப்பது, அடைப்பது, மழைக்காலத்தில் ராத்திரி கரையில் நடந்து கசிவு பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. வயலுக்குள் தண்ணீர் நுழையும் வாயான வாமடையை மண்வெட்டியால் வெட்டிவிட்டு வரப்போரம் நிற்பார். வயலின் கடைசி மூலை நனைந்ததும் அடைத்துவிட்டு அடுத்த வயலுக்குப் போவார்.

தண்ணீர் குறைந்த வருஷம்தான் சிக்கல். அப்போது ஊர்க்கூட்டம் முறை வைக்கும். நிலக்காரர் தானாக மடையைத் தொடக்கூடாது.

கூலியை அறுவடையின்போது நெல்லாக அளப்பார்கள். பெரும்பாலும் தலித் குடும்பங்கள் தலைமுறையாகச் செய்துவரும் வேலை இது. ஊரே நம்பிய இவர்களில் பலருக்கு அந்தக் கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் சொந்த நிலம் இல்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.