அயோவாவில் மாநில ஆடிட்டருக்கு வாக்களிக்கும் முன்

கேள்வி: டெ மொய்ன் புறநகரில் வசிக்கிறேன். குடியுரிமை கிடைத்து, 2026 நவம்பரில் முதல் முறையாக வாக்களிக்கப் போகிறேன். ஆளுநர், செனட்டர் பதவிகளுக்கு யாருக்குப் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். சீட்டில் கீழே ‘ஆடிட்டர் ஆஃப் ஸ்டேட்’ என்றும் ஒரு பதவி இருக்கிறதாம். இந்தியாவில் சி.ஏ.ஜி.யை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. இவரை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? கட்சியைப் பார்த்துப் போட்டுவிடலாமா?

பதில்: அயோவாவில் ஆடிட்டர் என்ற பெயரில் இரண்டு பதவிகள் உண்டு. முதலில் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மாநிலத்தின் 99 கவுண்டிகளிலும் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) தலா ஒரு கவுண்டி ஆடிட்டர் இருக்கிறார். தேர்தலை நடத்துவது அவர்தான். தபால் வாக்குச் சீட்டு கேட்டு விண்ணப்பிப்பதும், நிரப்பிய சீட்டைத் திருப்பிக் கொடுப்பதும் அவர் அலுவலகத்தில். அவருக்கான தேர்தல் அதிபர் தேர்தல் நடக்கும் ஆண்டில் வரும். நீங்கள் கேட்கும் மாநில ஆடிட்டர் வேறு. ஆளுநரோடு சேர்ந்து நான்காண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுபவர்: 2018, 2022, இப்போது 2026. தேர்தலை நடத்துவதும் வாக்குகளை எண்ணுவதும் இவர் வேலையல்ல.

வேறு மாநிலத்து நண்பர் சொல்வதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். மொன்டானாவிலும் ஸ்டேட் ஆடிட்டர் தேர்தல் உண்டு. ஆனால் அங்கே அவர் காப்பீட்டு நிறுவனங்களையும் பங்குப் பத்திர விற்பனையையும் ஒழுங்குபடுத்துகிறார். அரசின் கணக்கைத் தணிக்கை செய்வது சட்டமன்றத்தின் கீழுள்ள வேறோர் அலுவலகம். அயோவாவில் இவர் உண்மையாகவே கணக்கைப் பார்க்கிறவர். மாநில அரசின் ஆண்டுக் கணக்கு, மத்திய அரசு நிதி செலவான விதம், கவுண்டிகள், நகரங்கள், பள்ளி மாவட்டங்கள் எல்லாம் இவர் பார்வைக்குள் வருகின்றன. உள்ளாட்சிகள் இவர் அலுவலகத்தையே தணிக்கைக்கு அழைக்கலாம், அல்லது தனியார் சி.பி.ஏ. (உரிமம் பெற்ற கணக்காளர்) நிறுவனத்தை வைத்துக்கொள்ளலாம். எப்படியானாலும் அறிக்கையின் நகல் இவரிடம் வந்தாக வேண்டும்.

இவருக்கு யாரையும் கைது செய்யவோ வழக்குத் தொடரவோ அதிகாரமில்லை. பணம் காணவில்லை என்று கண்டுபிடித்தால், அறிக்கை எழுதி வெளியிட்டு, கவுண்டி அட்டர்னிக்கும் (கவுண்டியின் அரசு வழக்கறிஞர்) மாநிலக் குற்றப் புலனாய்வுப் பிரிவுக்கும் அட்டர்னி ஜெனரலுக்கும் அனுப்புவார். அத்தோடு அவர் வேலை முடிந்தது. ஆகவே இந்தப் பதவியின் பலம் முழுவதும் எதை எழுதுகிறார், எவ்வளவு சீக்கிரம் வெளியிடுகிறார் என்பதில் இருக்கிறது. 2020இல் கொரோனா நிவாரண நிதியிலிருந்து 2.1 கோடி டாலரை வொர்க்டே என்ற கணக்கு, பணியாளர் நிர்வாக மென்பொருளுக்கு மாநில அரசு ஒதுக்கியது. அது அந்த நிதியின் விதிக்குள் வராது என்று ஆடிட்டர் ராப் சாண்ட் பகிரங்கமாகச் சொன்னார். அந்தப் பணம் நிவாரண நிதிக்கே திரும்பிச் சேர்ந்தது. ஆடிட்டர் ஜனநாயகக் கட்சி, ஆளுநர் கிம் ரெனால்ட்ஸ் குடியரசுக் கட்சி என்பதால் அரசியல் என்றும் பேச்சு எழுந்தது. என் கருத்தில், வேட்பாளரை எடைபோட இதைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும்: தன் கட்சி ஆளுநர் இதையே செய்திருந்தால் இவர் இப்படி எழுதுவாரா? எந்தக் கட்சி வேட்பாளரானாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

ஆனால் தலைப்புச் செய்தியாகும் தகராறுகள் இந்த அலுவலகத்தின் வேலையில் சிறு பகுதிதான். அயோவாவில் 900க்கும் மேற்பட்ட நகரங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றின் மக்கள்தொகை 2,000ஐத் தொடாது. பல ஊர்களில் நகர அலுவலகம் என்றால் ஒரே ஒரு கிளார்க். தண்ணீர் கட்டணத்தை வாங்குவது, ரசீது போடுவது, வங்கியில் கட்டுவது, ஏட்டில் ஏற்றுவது, மாதக் கடைசியில் வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது, செக் எழுதுவது எல்லாம் அவர் ஒருவரே. அறிக்கைகளில் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் குறையும் இதுதான்: வேலைப் பிரிப்பு இல்லை.

அங்கே பணம் எப்படிப் போகிறது? ஒருவர் 60 டாலர் ரொக்கமாகத் தண்ணீர் கட்டணம் கட்டுகிறார். கிளார்க் ரசீது கொடுக்கிறார், பணம் வங்கிக்குப் போவதில்லை. அடுத்தவர் கொடுத்த செக்கை முதலாமவர் கணக்கில் வரவு வைத்து ஓட்டையை மூடுகிறார். அதை மூட இன்னொருவர் செக். சில ஆண்டுகள் இப்படியே ஓடிவிடும், ஏனென்றால் சரிபார்ப்பவரும் அவரே. தணிக்கைக்கு வருபவர்கள் மீட்டர் கணக்குப்படி வந்திருக்க வேண்டிய தொகையை வங்கியில் கட்டிய தொகையோடு மாதவாரியாக ஒப்பிடுவார்கள். கட்டிய தொகையில் ரொக்கத்தின் பங்கு எந்த மாதத்திலிருந்து குறைகிறது என்று பார்ப்பார்கள். கிளார்க்கின் சம்பளச் செக்குகளின் எண்ணிக்கை, நகரத்தின் கிரெடிட் கார்டில் வாங்கிய பொருள்கள் ஆகியவையும் சோதனைக்கு வரும்.

இதைத் தடுக்க ஆள் கூட்ட வேண்டியதில்லை. வங்கி அறிக்கை உறை பிரிக்காமல் நகர மன்ற உறுப்பினர் ஒருவரிடம் போக வேண்டும்; அவர் பார்த்துக் கையெழுத்திட்டுத் தேதி போட வேண்டும். ரசீதுகளில் முன்பே வரிசை எண் அச்சடித்திருக்க வேண்டும். தண்ணீர் கட்டணப் பாக்கிக் கணக்கை மாதம் ஒருமுறை வேறொருவர் சரிபார்க்க வேண்டும். 2,000 பேருக்குக் குறைந்த ஊர்களுக்குப் பொதுவாக ஆண்டுதோறும் முழுத் தணிக்கை கட்டாயமில்லை. இடைவெளி விட்டுத்தான் சோதனை வரும். அந்த இடைவெளியில் ஊழல் வளரும். அதனால் வேட்பாளரிடம் இரண்டாவதாகக் கேளுங்கள்: சிற்றூர்களின் சோதனைக்கு எத்தனை ஆள் ஒதுக்குவீர்கள், புகார் வந்தால் எத்தனை நாளில் தொடங்குவீர்கள்? ஊர் மக்களே கையெழுத்திட்டு மனுக் கொடுத்துத் தணிக்கை கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. அதை அறியாத வேட்பாளர் இந்தப் பதவிக்குத் தயாராகவில்லை.

உங்கள் கவுண்டியின் கடைசி அறிக்கையை ஆடிட்டர் அலுவலக இணையதளத்தில் எடுத்துப் பாருங்கள். நூறு பக்கத்துக்கு மேல் இருந்தாலும் பயப்பட வேண்டாம், மூன்று இடங்கள் போதும். முன்பகுதியில் தணிக்கையாளர் கருத்து: குறையற்றது என்றிருந்தால் எண்களை நம்பலாம் என்று பொருள். ஊழலே இல்லை என்று பொருளில்லை. பின்பகுதியில் கண்டறிந்த குறைகளின் பட்டியல்: ஒவ்வொன்றுக்கும் காரணம், விளைவு, பரிந்துரை, அதிகாரியின் பதில், தணிக்கையாளர் அந்தப் பதிலை ஏற்றாரா என்பது வரிசையாக இருக்கும். மூன்றாவது வேலை, முந்தைய ஆண்டு அறிக்கையைத் திறந்து அதே குறை அப்போதும் இருந்ததா என்று பார்ப்பது. ஒரே வாசகம் ஐந்தாண்டாகத் தொடர்ந்தால், அதை மாற்ற என்ன செய்வார் என்று வேட்பாளரிடம் கேட்க உங்களிடம் உறுதியான விஷயம் இருக்கிறது.

அடுத்தது 2023இல் வந்த சட்டம், செனட் ஃபைல் 478. தனிநபர் வருமான வரி, மருத்துவம், மாணவர் விவரம் போன்ற சில ஆவணங்களை ஆடிட்டர் கேட்டுப் பெறுவதற்கு அது கட்டுப்பாடு வைத்தது. ஆடிட்டருக்கும் ஒரு துறைக்கும் தகராறு வந்தால் நீதிமன்றம் போகாமல் மூவர் குழு தீர்க்க வேண்டும் என்றது: ஆடிட்டர் தரப்பில் ஒருவர், துறையின் தரப்பில் ஒருவர், ஆளுநர் நியமிக்கும் ஒருவர். தனிநபர் ரகசியம் காக்கவே இது என்றார்கள் ஆதரித்தவர்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. மூவரில் இருவர் நிர்வாகத்தின் பக்கம் என்றால், கணக்கைக் காட்டுவதா வேண்டாமா என்பதைத் தணிக்கைக்கு உள்ளாகிறவரே முடிவு செய்வதாகிவிடும். இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்வீர்கள், மாற்றச் சொல்வீர்களா என்பதற்கு வேட்பாளர் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும்.

சி.பி.ஏ. பட்டம் வேண்டுமா என்பது 2018 தேர்தலில் பெரிதாகப் பேசப்பட்டது. அப்போது பதவியில் இருந்த மேரி மோஸிமன் சி.பி.ஏ.; அவரைத் தோற்கடித்த சாண்ட் வழக்கறிஞர், ஹாட் லாட்டோ லாட்டரி மோசடியில் அரசுத் தரப்பில் வாதாடியவர். பட்டம் இருந்தால் நல்லது, ஆனால் அதுவே முடிவல்ல. அலுவலகத்தின் தரத்தை அறிய வேறு வழி உண்டு. அரசுத் தணிக்கை அலுவலகங்களை மூன்றாண்டுக்கு ஒருமுறை வெளியார் வந்து சோதிப்பார்கள். முடிவு தேர்ச்சி, குறைகளுடன் தேர்ச்சி, தோல்வி என்ற மூன்றில் ஒன்றாக வரும். அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கலாம். நன்கொடைப் பட்டியலும் பாருங்கள்: அயோவாவில் தனிநபர் நன்கொடைக்கு உச்சவரம்பு இல்லை, எல்லாம் மாநிலத் தேர்தல் நிதி வெளிப்படுத்தல் வாரியத்தின் தளத்தில் கிடைக்கும். நாளை தணிக்கைக்கு உள்ளாகப் போகிறவர்கள் பெருந்தொகை கொடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள்.

உங்கள் ஒரு வாக்குக்கு இங்கே கனம் அதிகம். 2022இல் ஏறக்குறைய 12 லட்சம் வாக்குகள் பதிவான இந்தப் போட்டியில் வித்தியாசம் 3,000க்கும் குறைவு. ஒரே கட்டத்தை நிரப்பி முழுக் கட்சிக்கும் வாக்களிக்கும் முறையை அயோவா 2017இல் எடுத்துவிட்டது. ஆளுநருக்கு மட்டும் நிரப்பிவிட்டு வந்தால் ஆடிட்டருக்கு உங்கள் வாக்கு இல்லை.

நடைமுறைக்கு வருவோம். தேர்தலுக்கு 15 நாள் முன்பே பெயரைப் பதிவு செய்துவிடுங்கள். தவறினால் தேர்தல் நாளன்றும் அடையாள அட்டை, முகவரிச் சான்று காட்டிப் பதியலாம். சாவடி காலை 7 முதல் இரவு 8 வரை. தபால் சீட்டு தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் கவுண்டி ஆடிட்டர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அஞ்சல் முத்திரைத் தேதி உதவாது. புதிதாகக் குடியுரிமை பெற்றவர் என்பதால் இன்னொன்றும் உண்டு. 2024இல், ஓட்டுநர் உரிமப் பதிவேட்டில் குடிமகன் அல்ல என்றிருந்த 2,176 பேரின் பட்டியலை மாநிலம் கவுண்டிகளுக்கு அனுப்பி, அவர்கள் வாக்கைக் கேள்விக்குட்படுத்தச் சொன்னது. அவர்களில் பெரும்பாலோர் குடிமக்களே என்று பின்னர் தெரிந்தது. உரிமம் எடுத்தபோது கிரீன் கார்டு, அதற்குப் பிறகு குடியுரிமை, பதிவேடு மட்டும் பழையது. ஆகவே இப்போதே போக்குவரத்துத் துறை அலுவலகம் போய்ப் பதிவேட்டைத் திருத்துங்கள். தேர்தல் நாளில் உரிமத்தோடு அமெரிக்க பாஸ்போர்ட்டையோ குடியுரிமைச் சான்றிதழையோ எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் யாராவது இன்னும் எச்-1பி அல்லது கிரீன் கார்டில் இருந்தால், உரிமம் எடுக்கும்போது வாக்காளர் பதிவுக் கட்டத்தைத் தவறியும் நிரப்ப வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். அந்தத் தவறு நாடுகடத்தல் வரை கொண்டுபோகும்.