ஞானஸ்நான விருந்து: இலைக்கணக்கா, கிலோக்கணக்கா?

கேள்வி: எங்கள் மகளுக்கு வருகிற மே மாதம் இரண்டாம் ஞாயிறு தூத்துக்குடியில் ஞானஸ்நானம். ஆராதனை முடியப் பதினொரு மணி ஆகும். அப்புறம் கோயில் மண்டபத்திலேயே மதியச் சாப்பாடு. குழந்தைகளோடு சேர்த்து 150 பேர் வருவார்கள். மட்டன் பிரியாணி போட்டால் போதும் என்கிறார் மாமனார். வெள்ளைச்சோறும் கறிக்குழம்பும்தான் நம் வழக்கம் என்கிறார் அம்மா. சீலா மீன் வறுவல் இல்லாமல் என்ன விருந்து என்று சென்னையிலிருந்து அண்ணன் போனில் சத்தம் போடுகிறார். இதற்கிடையே ஒரு கேட்டரிங்காரர் 17 அயிட்டம் போட்ட மெனு கார்டைக் கொடுத்து, இலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொல்லியிருக்கிறார். எதை முடிவு செய்வது?

பதில்: முதலில் அந்த மெனு கார்டைத் தள்ளி வையுங்கள். 17 அயிட்டத்தில் ஊறுகாய் ஒன்று, அப்பளம் ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று, பீடா ஒன்று. சில கார்டுகளில் உப்புக்கும் ஒரு வரி இருக்கும். வருகிறவர்கள் வயிறாரச் சாப்பிடப்போவது சோறும் கறியும்தான். ஆகவே அவரிடம் கேளுங்கள்: "எத்தனை கிலோ அரிசி, எத்தனை கிலோ கறி?" இதற்கு நேராகப் பதில் சொல்கிறவரோடு மட்டும் மேற்கொண்டு பேசினால் போதும்.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 150 பேரில் பத்து வயதுக்குக் கீழே ஒரு நாற்பது பிள்ளைகள் இருந்தால், இரண்டு பிள்ளைகளை ஓர் இலையாக வைத்து, மொத்தம் 130 இலை. பிரியாணி என்றால் ஒரு கிலோ அரிசி எட்டு முதல் பத்துப் பேருக்கு வரும். நம் ஊர்ப் பந்தியில் இரண்டாம் தடவை கேட்பார்கள் என்பதால் எட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். 16 கிலோ அரிசி ஆகிறது. கறியும் கிலோவுக்குக் கிலோ போட்டால் 16 கிலோ. மட்டனை ஒரு கிலோவுக்கு 20 முதல் 25 துண்டாக வெட்டுவார்கள். அப்படியானால் ஓர் இலைக்கு இரண்டரைத் துண்டு, மிஞ்சினால் மூன்று. பக்கத்தில் கோழி வறுவல் ஒன்று இருந்தால் இது போதும். பிரியாணி மட்டும்தான் என்றால் கறியை 20 கிலோவாக்குங்கள். எலும்போடு சேர்த்து எடை போடுகிற கறி வெந்த பிறகு நன்றாகச் சுருங்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சோறும் குழம்பும் என்றால் கறி அதே 16 கிலோ, அரிசி ஒன்றிரண்டு கிலோ கூடுதலாக, அவ்வளவுதான். செலவில் பெரிய வித்தியாசம் வராது. அப்புறம் எதை வைத்து முடிவு செய்வது? கடிகாரத்தை வைத்து.

ஆராதனை பதினொன்றுக்கு முடியும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். ஐயர் (சபைப் போதகர்) பிரசங்கத்தைப் பத்து நிமிஷம் நீட்டினால், அன்றைக்கே இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் இருந்தால், ஞானத்தாய் ஞானத்தகப்பனோடு போட்டோ எடுத்து முடிந்தால், முதல் பந்தி பன்னிரண்டே முக்கால். கடைசிப் பந்தி இரண்டரை. பிரியாணி தம்மைத் திறந்த நேரத்தில் இருப்பதுபோல இரண்டு மணி நேரம் கழித்து இருக்காது. சூடு ஆறும், கரண்டி போட்டுப் போட்டுச் சோறு உடையும், அடியிலிருந்து கிடைப்பவர்களுக்கு மசாலாவும் மேலிருந்து கிடைப்பவர்களுக்கு வெறும் சோறும் போகும். சீரக சம்பாவாக இருந்து, அதுவும் புது அரிசியாக இருந்துவிட்டால் குழைந்தே போகும். குழம்புக்கு இந்தப் பாடு இல்லை. அடுப்பில் தீயைச் சிறிதாக்கி வைத்தால் கடைசி ஆள் வரைக்கும் கொதிக்கக் கொதிக்க ஊற்றலாம். சோறு தீர்ந்தால் அரை மணியில் இன்னொரு அண்டா வடித்துவிடலாம். அசனத்தில், அதாவது கோயிலில் எல்லோருக்கும் போடும் பொது விருந்தில், ஆயிரக்கணக்கான பேருக்கு சோறும் கறிக்குழம்பும் போட்டுச் சமாளிக்கிறார்களே, அதன் சூட்சுமமே இதுதான்.

இன்னொன்று, சைவம் சாப்பிடுகிறவர்கள். பக்கத்து வீட்டார், அலுவலக நண்பர்கள் என்று பத்துப் பேராவது வருவார்கள். பிரியாணி என்றால் அவர்களுக்குத் தனிச் சோறு, தனி அண்டா. வெள்ளைச்சோறு என்றால் அதே சோற்றில் சாம்பார், ரசம், மோர். பல் போன தாத்தாவுக்கும், இரண்டு வயதுப் பிள்ளைக்கும் ரசஞ்சோறு இறங்கும். மாமனார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, என் ஓட்டு உங்கள் அம்மாவுக்குத்தான்.

அண்ணனுடைய மீன் விஷயம் வேறு. மே மாதத்தில் சீலா வறுவல் என்பது காசைக் கடலில் போடுவது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகில் வருவது கொஞ்சம், அதற்கு அடிபிடி. மேற்குக் கரையில் ஜூனில்தான் தடை தொடங்கும் என்பதால் கேரளப் பக்கமிருந்து ஐஸில் வரும். அது நல்ல மீனாகவும் இருக்கலாம், பல நாள் மீனாகவும் இருக்கலாம். 130 துண்டு சீலாவை ஒரே நாளில், ஒரே தரத்தில், தடைக்காலத்தில் யாராவது குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னால் அங்கேதான் யோசிக்க வேண்டும். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். சதையில் விரலை அழுத்தினால் பள்ளம் நிற்கக் கூடாது. துண்டு போட்டுக் கொண்டுவந்த மீனில் இரண்டையும் பார்க்க முடியாது. அண்ணனை ஜூலையில் ஒருமுறை வரச் சொல்லுங்கள்.

சரி, இனி ஒப்பந்தம். இலைக்கணக்கில் எங்கள் வீட்டிலேயே ஒரு பாடம் படித்தோம். தங்கை மகனுடைய ஞானஸ்நானத்துக்கு ஒரு கேட்டரிங்காரரிடம் தட்டுக்கு இவ்வளவு என்று பேசி, 140 என்று எழுதிக் கொடுத்திருந்தோம். சாப்பாடு முடிந்ததும் அவருடைய ஆள் கை கழுவும் இடத்தில் நின்று, குப்பைக்கூடையிலிருந்த தட்டுகளைப் பத்துப் பத்தாக அடுக்கிக்கொண்டிருந்தார். 187 வந்தது. இத்தனைக்கும் வந்தவர்கள் 150ஐத் தாண்டவில்லை. விசாரித்துப் பார்த்தால், பிள்ளைகள் பாயசத்துக்குத் தனியாக ஒரு தட்டு, அப்பளத்துக்கு ஒரு தட்டு எடுத்திருக்கிறார்கள். எங்கள் சித்தப்பா வெயிலுக்கு விசிறிக்கொள்ள எடுத்ததும் கணக்கில் சேர்ந்துவிட்டது. மூன்றாம் பந்தியில் கறித்துண்டு இல்லை என்பது தனிக்கதை. எழுத்தில் எண்ணும் முறை இல்லாததால் பாதி வழக்கை நாங்கள் தோற்றோம்.

நீங்கள் இலைக்கணக்கே பேசினாலும், எதை எண்ணுவது என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாழை இலைக்கட்டை உங்கள் கையில் வைத்துக்கொள்வது நல்லது. 150 இலை எண்ணிக் கொடுத்து, மிச்சத்தை எண்ணி வாங்கினால் தகராறு இல்லை. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கமெல்லாம் வாழைதான், இலைக்குப் பஞ்சமில்லை. முகூர்த்த நாளாக இருந்தால் மட்டும் விலை ஏறும், முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள தட்டு, கப், மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் இவையெல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. பல கேட்டரிங்காரர்கள் இன்னும் கொண்டுவருகிறார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கிலோக்கணக்கு என்பது சாமான் நீங்கள் வாங்கி, மாஸ்டருக்குச் சமையல் கூலி மட்டும் கொடுப்பது. செலவு குறையும். ஆனால் சமையல் நடக்கும் ஆக்குப்புரைப் பக்கம் வீட்டு ஆள் ஒருவர் காலை ஆறு மணியிலிருந்து நிற்க வேண்டும். அவருக்கு அன்றைக்கு ஆராதனை கிடையாது என்பதையும் சொல்லிவிடுங்கள். மாஸ்டர் தருகிற சாமான் லிஸ்டில் எண்ணெய், முந்திரி, நெய் மூன்றையும் இன்னொரு மாஸ்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். லிஸ்ட் ஊதுவது அங்கேதான்.

கேட்டரிங்காரர் யாராக இருந்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண் இருக்க வேண்டும், 14 இலக்கம். எண்ணைக் கேட்டால் எரிச்சல்படுகிறவரை விட்டுவிடலாம்.

கேள்வி: வீட்டில் ஆள் இல்லாததால் ஓட்டல் ஹாலில் வைக்கிறோம். சாப்பாட்டு விலைக்கு மேல் ஜிஎஸ்டி, சர்வீஸ் சார்ஜ் இரண்டும் உண்டு என்கிறார்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

பதில்: ஜிஎஸ்டி கொடுக்க வேண்டியதுதான். சாதாரண ஓட்டல் என்றால் சாப்பாட்டுக்கு 5 சதவீதம். ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் பெரிய ஓட்டல் என்றால் 18. பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லாமல் வரி மட்டும் வாங்கினால் கேள்வி கேளுங்கள். சர்வீஸ் சார்ஜ் அப்படியில்லை. ஓட்டல்கள் தாமாக பில்லில் அதைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. டெல்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஆணையத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. முன்பணம் கட்டும்போதே, சர்வீஸ் சார்ஜ் கிடையாது என்று ரசீதில் எழுதி வாங்கிவிடுங்கள். பரிமாறிய பையனுக்கு மனமிருந்தால் கையில் கொடுங்கள்.

கேள்வி: வருகிறவர்களுக்குக் கேக்கோடு மக்ரூனும் கொடுக்க ஆசை. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் கொடுக்கலாமா?

பதில்: தூத்துக்குடி மக்ரூன் என்பது முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றும்தான். மாவும் இல்லை, வெண்ணெயும் இல்லை. வெள்ளையாக, இனிப்பாக இருப்பதால் பலர் தெரியாமலே வாயில் போட்டுவிடுவார்கள். தெரிந்தபின் அவர்களுக்குச் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். தட்டில் வைக்கும்போதே முட்டை உண்டு என்று சொல்லிவிடுங்கள். கேக்கில் முட்டையில்லாததை ஒரு கிலோ தனியாகச் சொல்லலாம். மே வெயிலில் க்ரீம் கேக்கை மண்டபத்துக்குக் கொண்டுவந்து இரண்டு மணி நேரம் வெளியே வைக்காதீர்கள். பிளம் கேக் தாங்கும். மக்ரூனுக்குப் பகை ஈரக்காற்று. காற்றுப்புகாத டப்பாவில் வாங்கி, கொடுக்கிற நேரத்தில்தான் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் பிசுபிசுத்துக் கையில் ஒட்டும்.

கேள்வி: போன மாதம் எங்கள் வீட்டு ஞானஸ்நானத்தில் சாப்பிட்ட பலருக்கு வயிற்றுப்போக்கு. கேட்டரிங்காரர் பொறுப்பேற்க மறுக்கிறார். பில்லும் இல்லை.

பதில்: பில் இல்லாவிட்டால் வழக்கு செத்துவிடாது. முன்பணத்தை யூபிஐயில் அனுப்பியிருந்தால் அது சாட்சி. மெனு பேசிய வாட்ஸ்அப் செய்தி சாட்சி. சிகிச்சைச் சீட்டுகள் சாட்சி. எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் எழுதிக் கொடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. அன்றைக்கே ஒரு டப்பா சாப்பாட்டை ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்திருந்தால் கை இன்னும் பலமாக இருந்திருக்கும்.

கேள்வி: பிள்ளைக்கு ஐந்து மாதம். விருந்தில் முதலில் அவள் நாக்கில் தேன் தொட்டு வைக்க வேண்டும் என்கிறார் பாட்டி.

பதில்: வேண்டாம். ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் கூடவே கூடாது. அதிலுள்ள ஒருவகைக் கிருமி வித்து பிள்ளையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கக்கூடும். போட்டோவுக்காகக் கேக் க்ரீமை உதட்டில் தடவுவதும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால்தான். பாட்டி மனது நோகாமல், அந்தத் தேனைப் பழக்கிண்ணத்தில் ஊற்றிப் பெரியவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.