கொலைகாரனே கதை சொல்லும் நாவலை வாசித்து அவன்மேல் இரக்கம் வருகிறது, இது பிழையா?

பிழையில்லை. ஒருவன் ‘நான்’ என்று தொடங்கினாலே மனம் அவன் பக்கம் சாயும். எழுத்தாளர் நம்புவதும் அதைத்தான். அமெரிக்க எழுத்தாளர் ஜிம் தாம்சன் 1952இல் எழுதிய ‘தி கில்லர் இன்சைட் மீ’யில் கதை சொல்பவன் லூ ஃபோர்ட், டெக்சாஸ் சிற்றூர் ஒன்றின் துணை ஷெரீப், அதாவது பொலிஸ்காரன். ஊருக்கு நல்ல பிள்ளை. தேய்ந்த பழமொழிகளாகவே கதைத்து, எதிரில் நிற்பவரை வேண்டுமென்றே நெளிய வைப்பான். கொலையையும் அதே நிதானத்தோடுதான் சொல்வான். அந்த இடத்தில் கொஞ்சம் நின்று, கொல்லப்பட்ட பெண் இதை எப்படிச் சொல்லியிருப்பாள் என்று யோசியுங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிக்கிற நமக்கு இது கூடுதலாகவே உறைக்கும். கொன்றவர்களின் நியாயங்களை நிறையக் கேட்ட ஊர் இது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் படங்களோடு இன்னும் நிற்கிறார்கள். தாங்க முடியாவிட்டால் நாவலை மூடி வையுங்கள், அப்புறம் எடுக்கலாம்.