தம்பியைத் ‘திருடன்’ ஆக்கிய செய்தி: முதலில் யாருக்கு எழுதுவது?

கேள்வி: என் தம்பி செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். திருட்டுப் போன் ஒன்று அவன் கடைக்கு வந்ததாகச் சொல்லி போலீசார் கூட்டிப்போய் விசாரித்துவிட்டு, சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். வழக்கு எதுவும் இல்லை. மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அவன் படம், கடைப் பெயர், தெருப் பெயர் எல்லாம் போட்டு ‘செல்போன் கொள்ளைக் கும்பல் சிக்கியது’ என்று செய்தி. ஒரு டிவி சேனலும் அதையே காட்டியது. மூன்று வாரமாகக் கடைக்கு ஆள் வருவதில்லை. உடனே மானநஷ்ட வழக்குப் போடலாம் என்கிறார் வக்கீல். போடலாமா?

பதில்: வக்கீல் சொல்வதில் தப்பில்லை. ஆனால் இதில் வரிசை முக்கியம். பத்திரிகைகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் இந்தியப் பத்திரிகை கவுன்சிலுக்குப் புகார் அனுப்பும்போது, இந்த விஷயம் எந்தக் கோர்ட்டிலும் நிலுவையில் இல்லை என்று உறுதிமொழி எழுதித் தரவேண்டும். வழக்கை முதலில் போட்டுவிட்டால் கவுன்சில் கதவு மூடிக்கொள்ளும். சிவில் மானநஷ்ட வழக்குக்கு, செய்தி வந்த நாளிலிருந்து ஒரு வருடம் அவகாசம் இருக்கிறது. கிரிமினல் புகாருக்கு மூன்று வருடம். கவுன்சிலுக்கோ, நாளிதழ் செய்தி என்றால் இரண்டே மாதம். உங்களுக்கு ஏற்கெனவே மூன்று வாரம் போய்விட்டது. அதனால் முதலில் பத்திரிகை ஆசிரியர், அப்புறம் கவுன்சில், கடைசியில் கோர்ட். இப்படிப் போனால் மூன்று வழியும் கையில் இருக்கும்.

நீங்கள் அனுப்பிய கட்டிங்கைப் படித்தேன். தலைப்பில் ‘கும்பல் சிக்கியது’. உள்ளே ஏழு வரி: ‘பிடித்து விசாரித்து வருகின்றனர்’, ‘தொடர்பு இருப்பதாகக் கூறப்படுகிறது’. ‘கைது’ என்ற சொல் எங்காவது இருக்கிறதா பாருங்கள். இல்லை. எழுதியவருக்கு அது கைது இல்லை என்று தெரியும். உள்ளே ஜாக்கிரதையாக எழுதிவிட்டு, தலைப்பில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ‘கூறப்படுகிறது’ என்றால் யார் கூறினார்? உங்கள் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டதாக ஏழு வரியில் எங்கும் இல்லை.

இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். செய்தியைத் திருத்தித் தலைப்புப் போடும் டெஸ்க்கில் இருபது வருடம் உட்கார்ந்தவன். ஏரியா நிருபர் பெரும்பாலும் பகுதிநேர ஆள், சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. ஸ்டேஷனைப் பகைத்துக்கொண்டால் அவருக்கு நாளைக்குச் செய்தி கிடையாது. போலீஸ் தரப்பு வாட்ஸ்அப்பில் வரும், சில சமயம் படத்தோடு. இரவு பக்கம் முடிக்கிற அவசரத்தில் டெஸ்க்கில் இருப்பவர் தலைப்பைக் கொஞ்சம் ‘தூக்கி’, அதாவது பரபரப்பாக்கி, விடுவார். நானும் தூக்கியிருக்கிறேன். ஒருமுறை ஒரு பையனின் அப்பா, கட்டிங்கை மடித்து பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு ஆபீசுக்கே வந்தார். பத்தாம் பக்கத்தில் மூன்று வரி திருத்தம் போட்டோம். செய்தி வந்ததோ மூன்றாம் பக்கத்தில், படத்தோடு.

பத்திரிகை சார்பு என்றதும் எல்லோரும் கட்சியைத்தான் நினைக்கிறோம். உள்ளூர்ப் பக்கத்தை நாசமாக்குவது வேறு சார்பு: போலீஸ் சொன்னால் உண்மை, மற்றவர் சொன்னால் ‘தரப்பு’. பெரிய கடையில் ரெய்டு நடந்தால் ‘பிரபல ஜவுளிக்கடை’ என்றுதான் வரும், பெயர் வராது. ரிப்பேர் கடை என்றால் தெருப் பெயர் வரை வரும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று, சம்பந்தமில்லாத வீடியோக்களை நம்பி சில வட இந்திய ஊடகங்கள் செய்தி போட்டன. பயந்துபோய் எத்தனையோ பேர் ரயில் ஏறினார்கள். பீகார் அதிகாரிகள் குழுவே நேரில் வந்து பார்க்க வேண்டியதாயிற்று. விசாரிக்காமல் எப்படிப் போடலாம் என்று இங்கே எல்லோரும் கொதித்தோம். நியாயம்தான். நம் மாவட்டப் பக்கத்தின் ஏழு வரிச் செய்தியிடம் அதே கேள்வியை நாம் கேட்பதில்லை.

சரி, கடிதத்துக்கு வருவோம். பத்திரிகையில் பொடி எழுத்தில் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்களும் முகவரியும் இருக்கும். பல இதழ்களில் கடைசிப் பக்கத்தின் அடியில். அந்த ஆசிரியர் பெயருக்கே ஸ்பீட் போஸ்ட்டில் எழுதுங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். நிருபரிடம் போனில் சண்டை போடுவதால் ஒன்றும் ஆகாது, அவர் ஸ்டேஷனைக் கைகாட்டுவார்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டவேண்டாம். ‘உங்கள் பத்திரிகை எப்போதுமே இப்படித்தான்’ என்று ஆரம்பித்தால் அது நேராகக் குப்பைக்கூடைக்குப் போகும். தேதி, பதிப்பு, பக்க எண் போட்டு, தப்பை மட்டும் சொல்லுங்கள். இப்படி: ‘மேற்படி செய்தியில் என் தம்பி கொள்ளைக் கும்பலைச் சேர்ந்தவர் என்று பொருள்படத் தலைப்பிடப்பட்டுள்ளது. அவர் மீது வழக்குப் பதிவாகவில்லை, கைது செய்யப்படவும் இல்லை. வெளியிடும் முன் அவரிடம் விளக்கம் கேட்கப்படவில்லை. அதே பக்கத்தில், அதே அளவு முக்கியத்துவத்துடன் திருத்தம் வெளியிடவும், இணையத்தில் உள்ள செய்தியிலிருந்து படத்தை நீக்கி அதன் மேலேயே திருத்தத்தைச் சேர்க்கவும் கோருகிறேன்.’ கையெழுத்து உங்கள் தம்பியுடையதாக இருந்தால் இன்னும் நல்லது. ‘என் தம்பி’ என்பதை ‘நான்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். தப்பு நடந்தால் உடனே, உரிய முக்கியத்துவத்தோடு திருத்தம் போடவேண்டும் என்பது கவுன்சிலின் நடத்தை நெறிகளிலேயே இருக்கிறது. அதையும் ஒரு வரி குறிப்பிடுங்கள்.

வழக்கு இல்லை என்பதற்கு ஆதாரம் வேண்டும். தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். பார்க்கும் வசதி இருக்கிறது. அதோடு, அந்தத் தேதியில் தம்பி பெயரில் வழக்கு உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். அதற்காக ஆசிரியர் கடிதத்தை நிறுத்தி வைக்காதீர்கள்.

பதில் வராவிட்டாலோ, மழுப்பலாக வந்தாலோ டெல்லியில் உள்ள கவுன்சிலுக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. செய்தியின் கட்டிங், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆசிரியருக்கு எழுதிய கடிதம், பதில் வந்திருந்தால் அதுவும், அப்புறம் நான் முதலில் சொன்ன உறுதிமொழி. கவுன்சிலால் அபராதம் போட முடியாது. எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அவ்வளவுதான். பல்லில்லாத அமைப்பு என்று பத்திரிகைக்காரர்களே கேலி செய்வார்கள். இருந்தாலும் டெல்லியிலிருந்து நோட்டீஸ் வந்தால் ஆசிரியர் அந்தப் பழைய பக்கத்தை எடுத்துப் பார்த்தே ஆகவேண்டும். பாதிப் புகார்களுக்கு அதுவே போதும் என்பது என் அபிப்பிராயம்.

டிவி கதை வேறு. பத்திரிகை கவுன்சிலுக்கு சேனல்கள் மேல் அதிகாரம் கிடையாது. செய்திச் சேனல்களுக்கென்று என்.பி.டி.எஸ்.ஏ. என்ற சுயகட்டுப்பாட்டு அமைப்பு இருக்கிறது. அதில் சேர்ந்திருக்கும் சேனல்களை மட்டும்தான் அது கேட்க முடியும். ஒளிபரப்பான ஏழு நாளுக்குள் சேனலுக்கு எழுதியிருக்க வேண்டும் என்பது அதன் விதி. 2023 நிலவரப்படி அபராதம் அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய். கொரோனா சமயத்தில் தப்லீக் ஜமாத் என்ற முஸ்லிம் மத அமைப்பைப் பற்றிச் செய்த நிகழ்ச்சிகளுக்காக 2021 ஜூனில் ஒரு கன்னட சேனலுக்கு அந்த முழு ஒரு லட்சமும் போட்டார்கள். இந்தத் தொகை போதாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே அதிருப்தி தெரிவித்தது. உங்களுக்கு ஏழு நாள் தாண்டிவிட்டது. தாமதத்துக்குக் காரணம் சொல்லி சேனலின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள், யூடியூபில் அந்த வீடியோ இன்னும் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். இதில் பெரிய நம்பிக்கை வைக்கவேண்டாம்.

போலீஸ் தரப்பையும் விடவேண்டாம். போலீசார் ஊடகங்களிடம் என்ன சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம் என்பதற்கு வழிகாட்டுதல் தயாரிக்கும்படி 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய உள்துறைக்கு உத்தரவிட்டது. வழக்கே இல்லாதவரின் படம் வெளியே போனது எப்படி என்று எஸ்.பி. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். படத்தில் தம்பி ஸ்டேஷன் சுவரோரம் நிற்கிறார். அதை யார் எடுத்தது என்பதை ஸ்டேஷன்தான் சொல்லவேண்டும்.

கோர்ட்டுக்குப் போகும் நாள் வந்தால் இணையச் செய்தியின் பிரிண்ட் அவுட் மட்டும் போதாது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி அதற்கு ஒரு சான்றிதழ் சேர்க்கவேண்டும், வக்கீல் பார்த்துக்கொள்வார். நீங்கள் இன்றைக்கே செய்யவேண்டியது, லிங்க் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுப்பது. கடிதம் போய்ச் சேர்ந்ததும் பக்கம் சத்தமில்லாமல் மாறிவிடும், அப்புறம் அப்படி ஒரு செய்தியே இல்லை என்பார்கள்.

திருத்தம் வந்தால் அன்றைக்குக் காலையிலேயே நாலைந்து பிரதி வாங்கி வையுங்கள். மறுநாள் கடையில் பழைய பேப்பர் கிடைக்காது.