ஒரே நாளில் இரண்டு லேப், இரண்டு ஐஎன்ஆர்: எதை நம்புவது?

கேள்வி: அப்பாவுக்கு இதய வால்வு மாற்றி மூன்று வருடம் ஆகிறது. தினமும் வார்ஃபரின் சாப்பிடுகிறார். ஒரே நாளில் இரண்டு லேபில் பார்த்தோம். ஒன்றில் ஐஎன்ஆர் 2.1, இன்னொன்றில் 3.4. எதை நம்புவது? மாத்திரையைக் கூட்டுவதா, குறைப்பதா?

கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வழக்கமான டோஸையே கொடுத்துவிட்டு, இன்றைக்கே உங்கள் மருத்துவருக்குப் போன் செய்து இரண்டு எண்களையும் சொல்லுங்கள். மீதியை அப்புறம் நிதானமாகப் படிக்கலாம். புதிதாகப் படிப்பவர்களுக்கு: வார்ஃபரின் ரத்தம் எளிதில் உறையாமல் தடுக்கும் மாத்திரை. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்தான் ஐஎன்ஆர். ரொம்ப ஏறினால் ரத்தக்கசிவு ஆபத்து, ரொம்ப இறங்கினால் ரத்தக்கட்டி ஆபத்து.

என்ன வால்வு என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று வருடம் கழித்தும் வார்ஃபரின் ஓடுகிறது என்றால் உலோக வால்வாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். திசு வால்வு வைத்தவர்களுக்கு வேறு காரணம் இல்லாவிட்டால் பெரும்பாலும் சில மாதங்களில் நிறுத்திவிடுவார்கள். மைட்ரல் இடத்தில் (இதயத்தின் இடப்பக்க இரண்டு அறைகளுக்கு நடுவில்) உலோக வால்வு என்றால் ஐஎன்ஆர் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் முதல் லேப் சொல்வது "போதாது", இரண்டாவது லேப் சொல்வது "சரியாக இருக்கிறது". அயோர்டிக் வால்வு (இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் இடத்தில் உள்ளது) என்றால் பெரும்பாலும் 2 முதல் 3. அப்போது கதை தலைகீழ். ரத்தம் ஒன்றுதான், முடிவு இரண்டு. அதனால்தான் நீங்களாக மாத்திரையில் கை வைக்காதீர்கள் என்கிறேன்.

நான் டாக்டர் இல்லை, ஃபார்ம்.டி என்ற மருந்தியல் படிப்பு படித்தவள். "மெடிக்கல் ஷாப் படிப்புக்கு ஐஎன்ஆர் பற்றி என்ன தெரியும்" என்று கீழே வந்து கேட்கப்போகிறவர்களுக்கு ஒரே ஒரு பதில்: ஐந்தாம் வருடப் புராஜெக்ட் ஆறு மாதமும் இந்த ஒரு எண்ணோடுதான் கிடந்தேன். தென் மாவட்டத்தில் ஒரு பெரிய மருத்துவமனை. பெயர் வேண்டாம். இதயநோய் ஓபியில் வாரத்துக்கு இரண்டு நாள், கையில் ஒரு படிவத்தோடு உட்கார்ந்திருப்பேன். மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள், எத்தனை முறை மறந்தீர்கள், என்ன கீரை, வேறு என்ன மருந்து. இதுதான் என் ஆய்வு.

அங்கே வருவார் ஓர் அக்கா. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம், பீடி சுற்றுகிறவர். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்து, முப்பத்திரண்டு வயதில் மைட்ரல் வால்வை மாற்றியிருந்தார்கள். வார்ஃபரினுக்குப் பதில் அதே குடும்பத்து அசிட்ரோம் சாப்பிட்டார். என் படிவத்திலேயே ஒழுங்கான நோயாளி அவர்தான். மாத்திரை போட்ட நாளையெல்லாம் காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டுக் கிழித்துக் கொண்டுவருவார். ஐஎன்ஆர் எப்போதும் 2.6, 2.9 என்றுதான் இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை 5.9 என்று வந்தது. இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்றாம் நாள் வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்த எண்ணுக்கு அது சரியான முடிவுதான், டாக்டர் மேல் ஒரு தப்பும் இல்லை. அக்கா என்னிடம் வந்து நின்றார். "பிள்ளே, நான் ஒருவேள கூட விடலியே, கூடவும் போடலியே. கீரகூட செவ்வாக்கிழம மட்டும்தான ஆக்குதேன்" என்றார். படிவத்தை மறுபடி முதலிலிருந்து கேட்டேன். புது மாத்திரை இல்லை, காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, நாட்டு மருந்தும் இல்லை. ஐஎன்ஆர் இரண்டு மடங்காக ஏற ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

கீழே ரத்தம் எடுக்கும் அறைக்குப் போனேன். அங்கே சிரிஞ்சில் மொத்தமாக எடுத்து, பிறகு ஒவ்வொரு குழாயிலும் பிரித்து விடுவார்கள். முதலில் சிவப்பு மூடி, அடுத்து ஊதா, மிச்சம் இருந்தால் நீலம். ஐஎன்ஆருக்கு உரியது அந்த நீல மூடிதான். அக்காவுக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சிரிஞ்சில் வந்ததே கொஞ்சமாகத்தான் இருந்திருக்கும்.

லேபில் இருந்த மூத்த டெக்னீஷியன் அண்ணனிடம் போய், அந்தக் குழாயைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "இதப் பாக்க உன்ன யாரும்மா அனுப்புனா?" என்று சத்தம் போட்டார். போட்டுவிட்டு, எடுத்தும் கொடுத்தார். டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தோம். லேபிளில் அச்சடித்த அந்தச் சின்னக் கோட்டுக்கு ஒரு விரல் அளவு கீழேயே ரத்தம் நின்றது. இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்தக் கோடு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். மூன்று மில்லி நீலக் குழாய்க்குள் ஏற்கெனவே 0.3 மில்லி சிட்ரேட் திரவம் இருக்கும். அதோடு 2.7 மில்லி ரத்தம் சேர வேண்டும், ஒன்பதுக்கு ஒன்று. சிட்ரேட் ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் குழாயில் ரத்தம் உறையாது. லேபில் ரத்தத்தை உறைய வைக்கும் வினைப்பொருளோடு அளந்து கால்சியம் சேர்த்து, எத்தனை நொடியில் உறைகிறது என்று எண்ணுவார்கள். ரத்தம் குறைவாக இருந்தால் சிட்ரேட் மிஞ்சிவிடும். மிஞ்சிய சிட்ரேட் அந்தப் புதுக் கால்சியத்தையும் விழுங்கும். உறையத் தாமதமாகும், எண் ஏறும். உடம்பில் ஒன்றும் மாறியிருக்காது.

படிவத்தில் அக்காவின் போன் நம்பர் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார். திரும்பி வந்தார். இந்த முறை அந்த அண்ணனே ரத்தம் எடுத்தார், நீல மூடியில் கோடு வரை. 2.8. டாக்டர் சீட்டை அடித்துவிட்டு, பழைய டோஸையே தொடரச் சொன்னார். மைட்ரல் உலோக வால்வோடு, உண்மையில் 2.8ல் இருக்கிற ஒருவர் இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தினால் வால்வில் ரத்தக்கட்டி விழ வாய்ப்பு உண்டு. விழுந்தே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆபத்துக்கு அவசியமே இல்லை.

லேப் ஊழியர்களைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். காலை எட்டு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேலை தெரியும்.

என் மனக்குறை வேறு. இதைப் புராஜெக்டில் ஒரு அத்தியாயமாக எழுதிக் கொண்டுபோனேன். அளவு குறைந்த குழாய்கள் எத்தனை, மறுபடி எடுத்தபோது எண் எப்படி மாறியது என்று அட்டவணை போட்டிருந்தேன். "இது டைட்டில்ல இல்லையே, எடுத்துடு" என்றார்கள். எடுத்தேன். மார்க் வேண்டுமே. நோயாளி மாத்திரை மறப்பதைப் பற்றிய பகுதி மட்டும் தங்க எழுத்து பைண்டிங்கில் நூலகத்தில் இருக்கிறது. 2008ல் ஃபார்ம்.டி படிப்பை இந்தியாவில் கொண்டுவந்தபோது, வார்டில் டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் மருந்தைக் கவனிக்க ஒரு ஆள் வேண்டும் என்றுதான் சொன்னார்கள். ஐந்து வருடம் படித்து, ஒரு வருடம் இன்டர்ன்ஷிப் முடித்து வெளியே வந்தால், ஆடிட்டுக்கு ஃபைல் நிரப்பும் வேலைதான் காத்திருக்கிறது. என் செட்டில் பாதிப் பேர் இன்றைக்கு மெடிக்கல் கோடிங்கில் (மருத்துவக் குறிப்புகளுக்குக் குறியீட்டு எண் போடும் வேலை) இருக்கிறார்கள். ஓபியில் ஒரு நாற்காலி போட்டு எங்களை உட்கார வைத்தால் போதும், அதைக்கூடச் செய்ய மாட்டேன் என்கிறார்கள். சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

இரண்டு லேபுக்கும் இடையே 0.3, 0.4 வித்தியாசம் என்றால் சகஜம், கவலைப்பட வேண்டாம். உங்களுக்கு 1.3 வருகிறது. குழாய் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொன்று வினைப்பொருள். ரத்தத்தை உறைய வைக்க த்ராம்போபிளாஸ்டின் என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். ஒவ்வொரு கம்பெனி சரக்குக்கும் வீரியம் வேறு. அந்த வீரியத்தைச் சமன் செய்ய ஐஎஸ்ஐ என்ற எண் கிட் பெட்டியில் வரும். நோயாளியின் ரத்தம் உறையும் நொடியை ஆரோக்கியமானவர்களின் சராசரி நொடியால் வகுத்து, வந்ததை ஐஎஸ்ஐ அடுக்குக்கு உயர்த்தினால் ஐஎன்ஆர். உலகத்தில் எந்த மூலையில் பார்த்தாலும் ஒரே எண் வரவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1983ல் ஏற்றுக்கொண்ட முறை இது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்பாவுக்கு 26 நொடி, சராசரி 13 நொடி, விகிதம் 2. ஐஎஸ்ஐ 1.0 என்றால் ஐஎன்ஆர் 2.0. அதே நொடிக்கு ஐஎஸ்ஐ 1.4 என்றால் 2.6. புது பேட்ச் கிட் வந்து, மெஷினில் பழைய ஐஎஸ்ஐயை மாற்றாமல் விட்டால் போதும், அன்றைக்கு வருகிற அத்தனை பேர் எண்ணும் தப்பு.

சின்ன லேபில் மட்டும்தான் இப்படி நடக்கும் என்று நினைக்காதீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ரிவராக்ஸபான் என்ற புது மருந்தை வார்ஃபரினோடு ஒப்பிட்ட ராக்கெட் ஏஎஃப் ஆய்வு 2011ல் வெளிவந்தது. 14,264 நோயாளிகள். வார்ஃபரின் பக்கம் இருந்தவர்களுக்கு ஐஎன்ஆர் பார்த்தது ஐஎன்ரேஷியோ என்ற கைக்கருவியில். சிலருக்கு அந்தக் கருவி உண்மையைவிடக் குறைத்துக் காட்டலாம் என்று 2014 டிசம்பரில் அமெரிக்காவில் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. குறைத்துக் காட்டினால் என்ன ஆகும்? வார்ஃபரினைக் கூட்டுவார்கள். கூட்டினால் ரத்தக்கசிவு கூடும். பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது புது மருந்து நல்லதாகத் தெரியும். இந்தச் சந்தேகம் கிளம்பியதும் ஐரோப்பிய, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கணக்கை மறுபடி ஆராய்ந்து, முடிவு மாறாது என்று 2016ல் அறிவித்தன. கருவியும் அதே ஆண்டு சந்தையை விட்டுப் போனது. நான் மருந்துக் கம்பெனிகளுக்கு எதிரி இல்லை, அந்த மருந்து நிறையப் பேருக்கு நல்லதுதான். ஆனால் அவ்வளவு பெரிய ஆய்வே ஒரு ரத்தப் பரிசோதனைக் கருவியின் தலையில்தான் நின்றது என்பதை மறக்க முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு "டெஸ்டே வேண்டாத புது மாத்திரைக்கு மாறிவிடுங்கள்" என்று யாராவது எழுதுவார்கள். உலோக வால்வு உள்ளவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே கூடாது. அந்தப் புது மாத்திரைகளில் ஒன்றான டாபிகாட்ரானை உலோக வால்வு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ரீ-அலைன் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். ரத்தக்கட்டி விழுவதும் கூடியது, ரத்தக்கசிவும் கூடியது.

இதோடு முடித்திருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் என் சித்தப்பா விஷயத்தையும் சொல்லியாக வேண்டும்.

அவருக்கு இதயத் துடிப்புக் கோளாறு, அதற்காக வார்ஃபரின். ஐஎன்ஆர் 4.9 என்று வந்த அன்றைக்கு எனக்குத்தான் போன் போட்டார். அக்கா கதை என் தலைக்குள் அப்படியே இருந்தது. "லேப் தப்பா இருக்கும் சித்தப்பா, நாளைக்கு வேற இடத்துல பாருங்க" என்றேன். நூறு பேரிடம் கேட்ட கேள்வியை அவரிடம் கேட்கவில்லை. மறுநாள் பல் தேய்த்தபோது வந்த ரத்தம் நிற்கவில்லை. சிறுநீர் டீ நிறத்தில் போனது. இரண்டாவது லேபில் 6.2. மருத்துவமனையில் சேர்த்து, வார்ஃபரினை முறிக்கும் வைட்டமின் கே போட்டார்கள். அட்மிஷன் போடும்போது ஜூனியர் டாக்டர் கேட்டபிறகுதான் சித்தி பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். மெட்ரோனிடசோல். வயிற்றுப்போக்கு என்று தெருமுனை மெடிக்கலில் வாங்கி ஐந்து நாள் போட்டிருக்கிறார். அது வார்ஃபரின் உடம்பில் கழிவதைத் தடுத்து, எண்ணை ஏற்றிவிடும். மூன்றாம் வருடம் பரீட்சையில் நானே எழுதிய பதில் அது. சித்தப்பா நன்றாக இருக்கிறார். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குத்தான் அந்த அட்டை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, பத்தில் ஒரு மாத்திரைதான் மிச்சம்.

அதனால் லேபைச் சந்தேகப்படுவதற்கு முன் உங்கள் வீட்டு மருந்து டப்பாவைக் கொட்டிப் பாருங்கள். கடந்த இரண்டு வாரத்தில் அப்பா விழுங்கியது அத்தனையும். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், படர்தாமரைக்கோ வேறு பூஞ்சைத் தொற்றுக்கோ கொடுக்கும் ஃப்ளூகனசோல் எல்லாம் ஐஎன்ஆரை ஏற்றும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இறக்கும். டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை எண்ணை மாற்றாவிட்டாலும் வயிற்றில் ரத்தம் கசிய வைக்கும். கீரையில் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்று முருங்கைக்கீரையை நிறுத்தச் சொல்கிறவர்கள் உண்டு, நிறுத்த வேண்டாம். வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுகிறாரோ அதே அளவு எப்போதும் இருக்கட்டும். ஒரு மாதம் இல்லாமல் இருந்துவிட்டு ஒரே வாரத்தில் தினமும் சாப்பிடுவதுதான் பிரச்சினை.

டாக்டர் மறுபடி பார்க்கச் சொன்னால் ஒரே லேபை வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் உங்கள் மருத்துவமனை லேப். ரத்தம் எடுக்கும்போது நீல மூடிக் குழாயில் கோடு வரை நிரம்பியதா என்று பாருங்கள். குறைந்திருந்தால், "அண்ணா, கோடு வரைக்கும் வரலையே, இன்னொரு தடவை எடுத்துடலாமா" என்று மரியாதையாகக் கேளுங்கள். முறைத்தாலும் பரவாயில்லை. ஒரு நோட்டில் தேதி, ஐஎன்ஆர், டோஸ், லேப் பெயர், புதிதாகச் சேர்ந்த மருந்து எல்லாம் எழுதி, போகும்போதெல்லாம் அதை டாக்டர் மேஜையில் வையுங்கள்.

ஈறிலோ மூக்கிலோ ரத்தம் நிற்காமல் வந்தால், மலம் கறுப்பாகப் போனால், திடீரென்று கடுமையான தலைவலி வந்தால், வாய் கோணினால், ஒரு கை தொங்கினால், அவருக்கு மூச்சு வாங்கினால் ஐஎன்ஆர் பார்க்கவே நிற்காதீர்கள். நேராக எமர்ஜென்சிக்குப் போய், மாத்திரை அட்டையைக் கையோடு காட்டுங்கள்.

அப்பா இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களைக் கீழே எழுதினால் பார்த்துச் சொல்கிறேன். வலி மாத்திரை, இருமல் மருந்து, கஷாயம் எதையும் விடாமல் எழுதுங்கள்.