பாட்டுப் புத்தகம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் டீக்கடையில் ‘ஏரிக்கரையின் மேலே’ ஓடியது. கையில் கிளாஸோடு அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் ஊர் வாய்க்கால் கரை, தாத்தா, கல்யாண வீட்டில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் எல்லாம் கண்முன் வந்தன. கண்ணதாசனின் காலத்தால் அழியாத வரிகள்! இதையும் ‘மணப்பாறை மாடு கட்டி’யையும் ‘சின்னப்பயலே’யையும் கேட்டு வளர்ந்த நாம் பாக்கியசாலிகள். மறுநாள் என் பேரன், இதே பாட்டை யாரோ டமடமவென்று மாற்றிப் பாடியதைப் போனில் போட்டுக் காட்டினான். என் பால்யத்தையே கொலை செய்த மாதிரி இருந்தது. இந்த ரீமிக்ஸ்களைத் தடுக்க ஒரு சட்டம் வேண்டாமா? இன்றைய பாட்டுகளில் ஏன் எந்த நினைவும் ஒட்டுவதில்லை? பேரனுக்குக் கேட்கக் கொடுக்க 25 பழைய பாடல்களின் பட்டியல் தருவீர்களா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

பதில் போடாமல் விட்டிருப்பேன். பழைய பாட்டைப் பற்றி மாதம் பத்துக் கடிதமாவது வருகிறது. டீக்கடை என்பதை சலூன் என்று மாற்றினால் எல்லாம் ஒரே கடிதம்தான். ஆனால் நீங்கள் சொல்லும் ஏரிக்கரைப் பாட்டு ஒரு வாரமாக என் மேஜைமேல் கிடக்கிறது. தாளில் அச்சடித்த பாட்டு. ஊர் வீட்டுக்கு ஓடு மாற்றப் பிரித்தபோது பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இறக்கினார்கள். அதில் அத்தையின் பாட்டுப் புத்தகங்கள் ஏழு தேறின. மற்றதைக் கரையான் தின்றிருந்தது.

முதலில் திட்டிவிடுகிறேன்.

நீங்கள் சொன்ன மூன்று பாட்டில் ஒன்றைக்கூடக் கண்ணதாசன் எழுதவில்லை. ‘ஏரிக்கரையின் மேலே’ 1957இல் வந்த ‘முதலாளி’ படத்துப் பாட்டு, எழுதியவர் கா.மு. ஷெரீப். ‘மணப்பாறை மாடு கட்டி’ அதே 1957இல் ‘மக்களைப் பெற்ற மகராசி’யில் வந்தது, எழுதியவர் அ. மருதகாசி. இரண்டுக்கும் இசை கே.வி. மகாதேவன், இரண்டையும் பாடியவர் டி.எம். சௌந்தரராஜன், அதனால் ஒரே ஆள் எழுதியதுபோல உங்கள் காதுக்குப் பட்டிருக்கலாம் என்று உங்களுக்காக நானே ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ‘சின்னப்பயலே’க்கு அந்தச் சமாதானமும் செல்லாது. அது ஜி. ராமநாதன் இசை, எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். 1961இல் ‘அரசிளங்குமரி’ வெளிவந்து ஊரெல்லாம் அந்தப் பாட்டு ஒலித்தபோது எழுதிய மனிதர் உயிரோடு இல்லை. 1959 அக்டோபரிலேயே போய்விட்டார். வயது 29.

அறுபது வருஷமாக ஒரு பாட்டைக் கேட்டுக் கண் கலங்குகிறீர்கள். எழுதியவன் யார் என்று ஒரு தடவை விசாரிக்கத் தோன்றவில்லை. இதில் பாக்கியசாலி என்று வேறு எழுதுகிறீர்கள். நல்ல வரியெல்லாம் கண்ணதாசன், நல்ல மெட்டெல்லாம் எம்.எஸ்.வி., தத்துவம் எல்லாம் எம்.ஜி.ஆர். என்று வைத்துக்கொள்வது, அண்ணன் தம்பி பத்துப் பேர் பாடுபட்ட நிலத்தை மூத்தவன் பேரில் பட்டா போடுகிற வேலை. யூடியூபில் போய்ப் பாருங்கள், ‘சின்னப்பயலே’க்கு மேலே ‘எம்.ஜி.ஆர். தத்துவப் பாடல்’ என்று போட்டிருப்பான். கண்ணதாசனுக்கு அவர் எழுதியதே ஏழு தலைமுறைக்குப் போதும் சார். ஷெரீப்பின் நாலு சென்ட்டைப் பிடுங்கி அவருக்குக் கொடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

மருதகாசி பாட்டையாவது ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள். மாடு எங்கே பிடிப்பது, ஏர் எந்த ஊர் ஏர் என்று தொடங்கி, உழுது, தழை போட்டு, ஆத்தூர் கிச்சிலிச் சம்பா பார்த்து வாங்கி விதைத்து, நாற்றுப் பறித்து நட்டு, ஏற்றம் இறைத்து, அறுத்து அடித்து மூட்டை கட்டி விருதுநகர் வியாபாரிக்கு விற்று, வந்த பணத்தை அம்மா கையில் கொடுப்பது வரை ஒரு போகத்து விவசாயம் முழுக்க அதில் இருக்கிறது. அவர் பிறந்தது மேலக்குடிகாடு என்கிற கிராமத்தில். ‘விவசாயி’ படத்தில் கடவுளை முதலாளியாகவும் விவசாயியைத் தொழிலாளியாகவும் வைத்து எழுதியதும் அவர்தான். அதையும் கண்ணதாசன் என்று ஒரு நண்பர் என்னிடம் சத்தியம் செய்தார். அவரோடு நான் இப்போது பேசுவதில்லை. (வேறு காரணங்களும் உண்டு.)

இந்தக் கோபம் எனக்கு அத்தை கொடுத்தது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. இருபத்திரண்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் ஒரு கிராமம், அப்பாவுக்கு அங்கே சின்ன மளிகைக்கடை. பொட்டலம் மடிக்கப் பழைய பேப்பர் கட்டுக்கட்டாக எடைக்கு வரும். அந்தக் கட்டுக்குள் சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் கிடக்கும். கடுகும் கசகசாவும் மடிக்கத்தான் அந்த அளவுத் தாள் ஆகும். அப்பா கிழிப்பதற்குள் அத்தை பொறுக்கி எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். அதற்காகவே பேப்பர் வரும் நாளில் கடையைப் பெருக்கப் போவாள்.

உங்கள் பேரனுக்காகச் சொல்கிறேன், பாட்டுப் புத்தகம் என்பது சாணித்தாளில், சிலசமயம் ரோஸ் கலர் தாளில், நடுவில் ஒரே ஒரு பின் அடித்து வரும். அட்டையில் கதாநாயகன் கதாநாயகி. உள்ளே நடிகர் பட்டியல், பிறகு கதைச் சுருக்கம். கதை சூடு பிடிக்கிற இடத்தில் வண்டி நின்றுவிடும். ‘அவள் என்ன ஆனாள்? பிரிந்தவர் கூடினாரா? மீதியை வெள்ளித்திரையில் காண்க.’ அப்புறம் பாட்டுகள். ஆண், பெண், இருவர், தொகையறா என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். எழுத்துப் பிழை தாராளமாக இருக்கும். ‘முதலாளி’ புத்தகத்தில் ஏரிக்கரைக்கு ஒரு ‘க்’ குறைகிறது. அத்தை அதைப் பென்சிலால் போட்டிருக்கிறாள். அஞ்சாவது வரை படித்தவள்.

அத்தை சினிமா பார்த்ததில்லை. போகக்கூடாது என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. வா என்றும் யாரும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அப்போது ரேடியோவும் கிடையாது. ஆக அவளிடம் நூறு படத்தின் பாட்டு இருந்தது, ஒன்றுக்கும் மெட்டு இல்லை. கதை இருந்தது, ஒன்றுக்கும் முடிவு இல்லை.

இரண்டையும் அவளே போட்டுக்கொண்டாள். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே, மடியில் என் தங்கச்சியைப் போட்டுக்கொண்டே பாடுவாள். அவளுக்குத் தெரிந்தது தாலாட்டும் கும்மியும், இன்னொன்றும் உண்டு, அதை வீட்டுக்குள் பாடக்கூடாது என்பார்கள். இந்த மூன்றில் ஒன்றில்தான் எல்லாப் பாட்டும் போய் உட்காரும். ‘ஏரிக்கரையின் மேலே’ ஒரு ஆண்பிள்ளை கரைமேல் போகிறவளைக் கூப்பிடுகிற காதல் பாட்டு. அதைத் தாலாட்டாகப் பாடித்தான் எங்கள் இரண்டு பேரையும் தூங்கவைத்தாள். ஆண், பெண் என்று போட்டிருப்பதையும் விடமாட்டாள், அதுவும் பாட்டோடு வரும். கடைசியில் எழுதியவர் பெயர். “எழுதியவர் கா... மு... ஷெரீப்” என்று அதே மெட்டில் இழுத்து முடித்தால்தான் பாட்டு முடிந்தது. அது பாட்டின் கடைசி வரி என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். மூன்றாம் வகுப்பில் டீச்சர் பாடச் சொன்னபோது ஆண், இருவர், எழுதியவர் எல்லாம் சேர்த்துப் பாடினேன். டீச்சர் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது.

முடிவுகளையும் சொல்ல வேண்டும். ‘பாசமலர்’ சுருக்கம் அண்ணன் தங்கை பிரிகிற இடத்தில் நிற்கும். அத்தை சொன்ன மீதி இது: தங்கச்சி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கே திரும்பி வருகிறாள். அண்ணன் வாசலுக்கு ஓடிவந்து சாவிக்கொத்தை அவள் கையில் கொடுக்கிறான், முன்கட்டு ரூமையும் அவளுக்கே விடுகிறான். அண்ணிக்காரி ஒரு வார்த்தை பேசுவதில்லை. பலவருஷம் கழித்து டூரிங் கொட்டாயில் மணலைக் குவித்து உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். அண்ணனும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு செத்துப்போகிறார்கள். தேம்பித் தேம்பி அழுதபடி வீட்டுக்கு ஓடிவந்து அத்தையிடம் சொன்னேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

“அது கொட்டாய்ல காட்டுறது தம்பி. புஸ்தவத்துல அப்படி இல்ல.”

1969இல் வீட்டுக்கு ரேடியோ வந்தது. தபாலாபீஸில் லைசென்ஸ் எடுத்து, ஓட்டுக்கு மேலே இரண்டு மூங்கில் நட்டு ஏரியல் கட்டி, அப்பா அதை மாடத்தில் வைத்தார். திருகினால் உடனே பேசாது, வால்வு சூடாக வேண்டும். பச்சைக் கண் ஒன்று மெதுவாக விழித்து, ஸ்டேஷன் சரியாகக் கிடைத்ததும் சுருங்கும். எங்கள் பக்கத்தில் ரேடியோ என்றால் இலங்கை வானொலிதான், கடல் தாண்டிக் கணீரென்று வரும். 1952இல் மத்திய செய்தி ஒலிபரப்பு மந்திரியாக வந்த கேஸ்கர் சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று ஆகாசவாணியில் அதை ஒடுக்கினார். ஜனங்கள் கொழும்புக்குத் திரும்பிக்கொண்டார்கள். 1957இல் விவித பாரதி வந்த பிறகும் டெல்டாவில் பலபேர் திரும்பி வரவில்லை. உங்கள் நினைவிலும் இலங்கை வானொலியின் ‘பொங்கும் பூம்புனல்’ நிகழ்ச்சி இருக்கும், அதை விடுங்கள்.

வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, காலையில் அந்தப் பாட்டு வந்தது. அறிவிப்பாளர் படத்தின் பெயர் சொன்னதுமே நான் கொல்லைக்கு ஓடி, “அத்தே, ஒம் பாட்டு!” என்று கத்தினேன். அவள் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். ஈரக்கையோடு வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். டி.எம்.எஸ். பாடினார். எனக்குப் பொறுக்கவில்லை. “தப்பாப் பாடுறாரு அத்தே. தாலாட்டவே இல்ல, பேரும் சொல்லல.” அத்தை வாயில் விரலை வைத்துக் காட்டினாள். முடியும்வரை நின்று கேட்டாள்.

“இப்படியா இது” என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பாட்டைப் பாடவில்லை. அடுத்து ‘சமரசம் உலாவும் இடமே’ வந்தது, சீர்காழி கோவிந்தராஜன் பாடியது. அதையும் விட்டாள். ரேடியோவில் ஒவ்வொரு பாட்டாக அசல் மெட்டு வர வர அவளிடம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. நான் வேறு சும்மா இருக்கவில்லை. ஒன்பது வயசு, எல்லாம் தெரிந்த வயசு. அவள் எதையாவது முனகினால் உடனே, “அப்படி இல்லத்தே, இப்படி” என்று பாடிக்காட்டுவேன். அவளும் “சரிடா தம்பி, நீயே பாடு” என்பாள். யார் பேரும் தெரியாத, ஓடாமல் போன படங்களின் பாட்டு ஐந்தாறு ரேடியோவில் வரவே இல்லை. அவை மட்டும் கொஞ்சகாலம் அவளிடம் இருந்தன.

ரீமிக்ஸுக்குச் சட்டம் கேட்டு என்னிடம் வராதீர்கள். உங்கள் பேரன் போட்டதை நான் கேட்கவில்லை, படு மோசமாகவே இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் உங்கள் வாய்க்கால் கரைக்கு ஒன்றும் ஆகாது. எங்கள் வீட்டில் ஒருத்தியின் வாயை அடைத்தது அசல் பாட்டு, டி.எம்.எஸ். குரல், கே.வி. மகாதேவன் மெட்டு. குறை சொல்ல ஓர் இடம் கிடையாது அதில். இன்றைய பாட்டில் நினைவு ஒட்டுவதில்லை என்பதும் உங்கள் வயதின் பிரச்சினை. ஒட்ட வேண்டியது உங்கள் பேரனுக்கு. அறுபது வயதில் அவன் எந்த டீக்கடையில் எதைக் கேட்டுக் கிளாஸோடு நிற்பானோ, அதைப் பார்க்க நீங்களும் இருக்கப்போவதில்லை, நானும் இல்லை.

பட்டியல் கேட்டிருந்தீர்கள், இப்போதுதான் ஞாபகம் வந்தது. நாலு பாட்டு மேலே இருக்கிறது. மூன்றுக்கு எழுதியவர் பெயரும் சொல்லிவிட்டேன். ‘சமரசம் உலாவும் இடமே’ 1956, ‘ரம்பையின் காதல்’, அதுவும் மருதகாசிதான். மீதி இருபத்தொன்றை நீங்களே தேடுங்கள். எழுதியவர் பெயர் தெரியாத பாட்டைப் பையனிடம் கொடுக்காதீர்கள்.

அந்த ஏழு புத்தகத்தையும் நேற்று ராத்திரி மறுபடி புரட்டினேன். ஏரிக்கரையை அத்தையின் மெட்டில் பாடிப் பார்க்க ஆசையாக இருந்தது. வீட்டில் எல்லோரும் தூங்கியபிறகு மெதுவாகத் தொடங்கினேன். முதல் அடியிலேயே டி.எம்.எஸ். வந்துவிட்டார். தங்கச்சிக்குப் போன் செய்தேன். அவளுக்கும் அவர்தான் வருகிறார். “கா... மு... ஷெரீப்” என்று இழுப்பாளே, அந்தக் கடைசி வரி மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் சரியாக வருகிறது.